ஃபீடில் வந்த முகம்

என் நண்பனின் முகத்தை ஊருக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். அந்த முகத்தைக் காட்டவே மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த டிவி நிருபர்தான் அதைச் செய்துவிட்டாள் என்று அவன் ஏழு மாதம் நம்பினான். நம்பினால் நம்பட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துப் படிப்பவரைத் திடுக்கிட வைக்கிற சாமர்த்தியமெல்லாம் எனக்கு வேண்டாம். சாமர்த்தியம் காட்டித்தான் இந்த லட்சணத்துக்கு வந்து சேர்ந்தேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். நிரந்தர வேலை. காலை ஷிப்ட் என்றால் மூன்று மணிக்கெல்லாம் கவரைப்பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்ததும் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போவேன். அங்கே எட்டடி அகலத்தில் கம்பிவலை டிஷ் ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தெருவில் என்னைக் குடைக்காரர் என்பார்கள். கிண்டல்தான். ஆனால் அந்தக் குடைக்குக் கீழே நான் என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை.

நான் தேடியது ஃபீடு. எங்கேயாவது ஒரு விபத்தோ போராட்டமோ நடந்தால், கூரையில் டிஷ் வைத்த டிவி வண்டி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டி படத்தை சாட்டிலைட்டுக்கு அனுப்பும். ஸ்டுடியோவில் அதை இறக்கி, வெட்டி ஒட்டி, எழுத்து போட்டு, விளம்பரம் சேர்த்துப் பிறகுதான் நமக்குக் காட்டுவார்கள். வண்டியிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போகும் அந்த வெட்டாத ஒட்டாத படத்துக்குத்தான் ஃபீடு என்று பெயர். பத்து நிமிடம் இருக்கும், சில நாள் ஒரு மணி நேரம் இருக்கும், அப்புறம் காணாமல் போய்விடும். சேனல் நம்பர் கிடையாது, எந்தப் பட்டியலிலும் வராது. சங்கேதம் போட்டுப் பூட்டாமல் அனுப்பினால், சரியான டிஷ்ஷும் ரிசீவரும் பொறுமையும் உள்ளவன் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மீன் பிடிப்பது மாதிரி என்று எழுத வந்தேன். பழவேற்காட்டு மீனவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் பிடிப்பது சோற்றுக்கு.

எதற்குப் பிடித்தேன் என்றால், உலகத்துக்கு முன்னால் நான் பார்த்துவிடுகிறேன் என்ற அற்ப சந்தோஷத்துக்குத்தான். நேரலைக்கு முன்னால் கண்ணாடி இல்லாமல் கேமராவையே பார்த்துத் தலை வாரிக்கொள்ளும் நிருபர், மைக் ஆன் ஆகவில்லை என்று நினைத்துப் பக்கத்திலிருப்பவரைத் திட்டும் பெரிய மனிதர், ஆளே இல்லாத மைதானத்தில் அரைமணி நேரம் தூங்கும் நாய். இதையெல்லாம் பார்த்து நான் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

பார்ப்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எழுதியும் வைத்தேன். எந்த சாட்டிலைட், எத்தனை டிகிரி, என்ன அலைவரிசை, எத்தனை மணிக்கு வந்தது, யாருடைய வண்டி, பூட்டியதா திறந்ததா. முதலில் நீள நோட்டில் எழுதினேன். பிறகு கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டேன். திறந்ததற்குப் பச்சை, பூட்டியதற்குச் சிவப்பு. நாளாக ஆக, நிருபர் முகம் தெரிவதற்கு முன்பே எந்த வண்டி என்று சொல்லிவிடுவேன். ஒரு வண்டிக்காரர் எப்போதும் சோதனை வண்ணப் பட்டையை அரை நிமிடம் காட்டிவிட்டுத்தான் கேமராவுக்கு மாறுவார். இன்னொருவர் பட்டையே காட்ட மாட்டார், நேராகத் தரையைக் காட்டுவார்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு போனில் ஒரு குழு இருந்தது. கேரளாக்காரர்கள், இலங்கைக்காரர்கள், வங்காளிகள் எல்லாம் இருந்தார்கள். அதில் என் அட்டவணைக்குத் தனி மரியாதை. இன்றைக்கு எந்தப் பக்கம் திருப்பலாம் அண்ணே என்று முகம் தெரியாதவர்கள் கேட்பார்கள். ஆலையில் ஒரு ஃபியூஸ் போனால்கூட என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. இந்த மரியாதை எனக்குத் தலைக்கு ஏறியது. ஏறாமல் என்ன செய்யும்.

குழுவில் ஒரு சட்டம் இருந்தது. படம் இல்லாத பதிவு செல்லாது. நானும் பிடித்தேன் என்று புளுகுகிறவர்கள் அதிகமானதால் வைத்த சட்டம். ஃபீடைப் பிடித்தவுடன் திரையைப் படமெடுத்து, அடியில் எண்களோடு போட வேண்டும். வெறும் வண்ணப் பட்டையைப் போட்டால் பழையதைத் திருடிப் போட்டிருக்கலாம் என்பதால், முகம் தெரிகிற படமாக இருக்க வேண்டும் என்று அதோடு ஒரு வரி சேர்க்கப்பட்டது. அந்த வரியைச் சேர்த்தவன் நான்தான்.

என் மனைவிக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மாடியில் துணி காயவைக்க இடமில்லை என்பது ஒன்று. இன்னொன்றை ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அவங்க அவங்களுக்குள்ள பேசிக்கினு கீறத நீ இன்னாத்துக்கு ஒட்டுக் கேக்குற?" வானத்திலிருந்து விழுவது எல்லோருக்கும் பொது, பூட்டாமல் அனுப்பியது அவர்கள் தப்பு என்று அவளுக்குப் பெரிய பிரசங்கம் செய்தேன். அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

இனி நண்பன். ஐடிஐயில் ஒரே பெஞ்சு, இப்போது இரண்டு தெரு தள்ளி வீடு. எனக்கு நிரந்தரம் கிடைத்தது. அவனுக்கு இருபது வருடமாகக் காண்ட்ராக்ட். அவன் என்னைவிட நல்ல வேலைக்காரன், இதை ஊரே சொல்லும். ஆள் எடுத்த அன்று வரிசையில் நான் முன்னால் நின்றேன், அவன் பின்னால் நின்றான், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காக அவன் ஒரு நாளும் என்மேல் பொறாமைப்பட்டதில்லை. மச்சான் மச்சான் என்று வீட்டுக்குள் வந்து, என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவான்.

அவன் வேலை செய்தது தகடு அடித்து வண்டிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில். அங்கே பிரஸ் மிஷினுக்கு இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் மிஷினுக்குள் போகாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் ஒரு பொத்தானை அழுத்தியபடியே டேப் சுற்றி ஒட்டிவிட்டார். ஒரு கையால் அழுத்தலாம், இன்னொரு கையால் தகடு வைக்கலாம். அப்படி வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வலது கையில் நான்கு விரல்கள் போயின.

அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன கையோடு, அந்த டேப்பைப் பிய்த்து எறியச் சொன்னார் சூப்பர்வைசர். பிய்த்தவன் என் நண்பன். அவள் அஜாக்கிரதையாகக் கையை விட்டுவிட்டாள் என்று கம்பெனி எழுதிக்கொண்டது. இந்த டேப் விஷயத்தை அவன் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்த ஒரு டிவி நிருபரிடம்தான் சொன்னான். முகம் காட்டக்கூடாது, குரல் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னான். சிப்காட்டுக்குப் பின்னாலிருக்கும் ஏரிக்கரையில் வைத்துப் படம் பிடித்தார்கள். அங்கே போன் சிக்னல் நிற்காது என்பதால் டிஷ் வண்டியைக் கொண்டுவந்திருந்தார்கள்.

அன்று மதியம் நான் வழக்கம்போல டிஷ்ஷைத் திருப்பித் தேடிக்கொண்டிருந்தேன். என் அட்டவணையில் இல்லாத ஓர் அலைவரிசையில் படம் விழுந்தது. ஏரிக்கரை, இரண்டு பனைமரம், மைக் பிடித்த ஒரு பெண், அவள் எதிரே என் நண்பன். நேருக்கு நேர், முகம் முழுக்க வெயிலோடு.

துள்ளிக் குதித்தேன். இத்தனை வருடத்தில் என் பெட்டிக்குள் வந்த எனக்குத் தெரிந்த முதல் முகம் அது. சத்தம் வரவில்லை. சில வண்டிகள் சத்தத்தை வேறு தடத்தில் அனுப்பும், அதைத் தேடிப்பிடித்தால் கிடைக்கும். தேடவில்லை. எனக்கு அவசரம். வேறு யாராவது முந்திக்கொள்வதற்குள் பதிவு போட வேண்டும். அவன் என்ன பேசுகிறான் என்பதைவிட அலைவரிசை எண்ணைச் சரியாக எழுதுவது எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. திரையைப் படமெடுத்தேன். கேமரா பக்கம் அவன் திரும்பிய நொடி பார்த்து, முகம் தெளிவாக விழும்படி எடுத்தேன். எங்கள் ஏரியா, புது ஃபீடு, திறந்தது என்று எழுதிக் குழுவில் போட்டேன். கைதட்டல்கள் வந்து குவிந்தன.

அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சாயங்காலம் அவனே வந்து பெருமையடித்துக்கொள்ளட்டும், நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சொல்லி அவன் மூஞ்சியைப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆறு மணிச் செய்தியில் அது வந்தது. நானும் மனைவியும் உட்கார்ந்து பார்த்தோம். திரையில் ஒரு ஆள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் கலங்கல், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல. சட்டையை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது. பொத்தான், டேப், சூப்பர்வைசர், தானே பிய்த்து எறிந்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். முகத்தை மறைக்கிற வேலை ஸ்டுடியோவில்தான் நடக்கும், ஃபீடில் எதுவும் மறைந்திருக்காது என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதைப் பார்ப்பதற்காகத்தானே இத்தனை வருடம் மாடியில் கிடந்தேன். அன்று மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"நீ போட்ட போட்டோவுல மூஞ்சி நல்லா தெரிஞ்சுதே" என்றாள் மனைவி. குழுவில் படத்தை அழித்தேன். அதற்குள் இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. குழுவில் கும்மிடிப்பூண்டியில் கேபிள் நடத்தும் ஒருவர் இருந்தார். அடியிலிருந்த எண்களை வெட்டிவிட்டு, நம்ம ஏரியா டிவியில் என்று நாலைந்து உள்ளூர்க் குழுக்களில் அவர் போட்டிருந்தார். அவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யாருக்குமே கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் இதில் கேவலம்.

மறுநாள் காலை அவனைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். காண்ட்ராக்ட் ஆளுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொன்னார்கள். ஒரு போனை நீட்டி, ஏரிக்கரையில் அவன் நிற்கும் படத்தைக் காட்டினார்கள்.

எனக்கு அன்று வார விடுப்பு, அவன் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். என் மனைவி வைத்த நாஷ்டாவை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த நிருபருக்கு போன் போட்டுக் கண்டபடி பேசியதை என்னிடம் சொன்னான். முகத்தை மறைக்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு மறைக்காத படத்தை வெளியே விட்டுவிட்டாயே, உனக்கெல்லாம் பிள்ளைகுட்டி இருக்கிறதா என்று கேட்டானாம். நான் விடவில்லை அண்ணா, எப்படிப் போனதென்றே தெரியவில்லை என்று அவள் அழுதாளாம். நடிக்கிறாள் என்றான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தான்.

"டிவிக்காரங்களே அப்படித்தான் மச்சான்" என்றேன்.

வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றை நினைத்தால்தான் இன்றும் வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மனைவி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு சிப்காட்டில் எந்தக் கதவும் திறக்கவில்லை. மீஞ்சூர் பக்கம் ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போனான். நாற்பத்தைந்து வயதில், பிரஸ் மிஷினுக்கு அச்சு மாட்டத் தெரிந்த கையால். நான் டிஷ் பக்கம் போவதைச் சில வாரம் நிறுத்தினேன். பிறகு மறுபடியும் போனேன். முகம் தெரிகிற படம் வேண்டும் என்ற வரியை எடுத்துவிடலாம் என்று குழுவில் ஒருமுறை எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள். போனை மூடி வைத்துவிட்டேன். சட்டம் அப்படியே இருந்தது.

விரல் போன பெண் தொழிலாளர் துறையில் இழப்பீடு கேட்டு மனு போட்டிருந்தாள். டேப் ஒட்டியிருந்ததற்கு சாட்சி வேண்டும். டிவியில் முகம் தெரியாமல் பேசியது அங்கே செல்லாது, ஆள் நேரில் வந்து சொல்ல வேண்டும். அவள் என் நண்பனின் வீட்டுக்கு வந்தாள். அவன் வெளியே வரவில்லை. இன்னொருத்தியை நம்பி ஒரு தடவை வாயைத் திறந்ததற்கு அனுபவித்தது போதும் என்று உள்ளேயிருந்தபடி சொல்லி அனுப்பிவிட்டான். அவள் இரண்டாவது தடவையும் வந்தாள், மூன்றாவது தடவையும் வந்தாள். மூன்றாவது தடவை திரும்பிப் போகும்போது எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இடது கையால் சொம்பைப் பிடித்து, வலது கை மணிக்கட்டால் அதைத் தாங்கிக்கொண்டு குடித்தாள் என்று மனைவி சொன்னாள்.

"ஞாயித்துக்கெயம வரைக்கும் பாப்பேன். நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டா?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். டிஷ், ஃபீடு, குழு, படம், கேபிள்காரர், அப்புறம் அவனிடம் நான் சொன்ன பொய். உன்னை டிவியில் பார்த்த சந்தோஷத்தில்தான் போட்டேன் என்பதையும் சொன்னேன். அது உண்மைதான், ஆனால் சொல்லும்போது எனக்கே கூசியது. அவன் டியூபை டயருக்குள் தள்ளி முடித்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப அந்த டிவி பொண்ணு பண்ல?"

இல்லை என்றேன். அவன் போனை எடுத்தான். அந்த நிருபரைத்தான் கூப்பிட்டான். அவள் எடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை, எடுத்தாள். "ம்மா, நான் உன்ன பேசினது தப்பும்மா. நீ ஒண்ணும் பண்ல, இப்பத்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுக்கம்மா" என்றான். அவள் என்ன கேட்டாளோ, யார் என்பதை அவன் சொல்லவில்லை. என் தப்புக்கு அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான், நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். பேசி முடித்ததும், சாட்சி சொல்லப் போகிறேன் என்று என்னைப் பார்க்காமல் சொன்னான். படத்தைப் போட்டது நான்தான் என்று நானும் வந்து சொல்கிறேன் என்றேன். வா என்றான்.

விசாரணை திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழியாக பஸ். அவனும் அந்தப் பெண்ணும் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். அலுவலகத்தில் அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வராந்தா பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்தே இருந்தது, உள்ளே பேசுவது கேட்டது. நான் வந்து சொன்னால் என் ஆலைக்கும் விஷயம் போகும், முதலாளிகளெல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பெரியபாளையத்தம்மனைத்தான் வேண்டினேன், வரும் வழியில் பஸ் அவள் கோயிலைத் தாண்டித்தான் வந்திருந்தது.

அவன் தெளிவாகச் சொன்னான். டேப் எந்தப் பக்கத்துப் பொத்தானில் இருந்தது, யார் ஒட்டியது, யார் பிய்க்கச் சொன்னது, பிய்த்தது தான்தான் என்பது வரை. அந்தச் சாட்சியத்தால்தான் அவளுக்கு இழப்பீடு கிடைத்தது, அது பிறகு நடந்தது. கம்பெனி வக்கீல் கடைசியில் அந்தப் படத்தை எடுத்தார். டிவியில் முகத்தை மறைத்துக்கொண்டு, வெளியே தன் முகத்தைத் தானே பரப்பி, கம்பெனியை மிரட்டப் பார்த்த ஆள் இவன் என்றார். நீ பரப்பவில்லை என்றால் வேறு யார் என்று கேட்டார்.

நான் எழுந்திருக்கத் தயாராக இருந்தேன் என்று எழுதலாம். இல்லை. என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிலீங்க" என்றான் அவன்.

வக்கீல் சிரித்தார். தெரியவில்லை என்று சாட்சி சொல்வதைப் பதிவு செய்யுங்கள் என்றார். இருபது வருடம் ஒரு கெட்ட பெயர் வாங்காதவன், மிரட்டல் பேர்வழி என்ற பேச்சை வாங்கிக்கொண்டு அங்கே நின்றான். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதை ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனபோது அவன் பக்கத்தில் போய் நின்றேன். என் பெயரைச் சொல்லியிருந்தால் உன்மேல் அந்தப் பழி வந்திருக்காதே, என்னைக் காப்பாற்றிவிட்டாய் என்றேன். இத்தனை மாதம் கழித்து அழுகை அப்போதுதான் வந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"உன்ன காப்பாத்தறதுக்காக தெரிலன்னு சொல்லல. உன் பேர சொன்னா, அந்த ஆளு உனக்கு இன்னா வேணும்னு அடுத்து கேப்பாங்க. சினேகிதன்னு சொல்லணும். அத்த சொல்ல எனக்கு வாய் வரல."

பஸ் வந்தது. அந்தப் பெண்ணை முதலில் ஏறவிட்டு, பின்னால் அவன் ஏறினான். நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.